மூன்றாம் மாடியில் தொங்கிய வயர்லெஸ்

எதிர்ச்சாரி இன்டர்நெட் கடையில் வயர்லெஸ் வைத்ததும் கடைக்காரர் எனக்கும் ஓர் இணைய இணைப்பு அட்டை விற்றுவிட்டார். சிக்னல்தான் எங்கள் ஐந்தாம் மாடிக்கு ஏறவில்லை. லேப்டாப்பின் மூலையில் ஒரே ஒரு கோடு தெரியும். கண்மூடித் திறப்பதற்குள் அதுவும் போய்விடும்.

கீழே இறங்கி வந்தால் முழுசாகக் கிடைக்கும் என்று எல்லோரும் யோசனை சொன்னார்கள். எனக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. கைகளை ஊன்றித்தான் நகர்வேன். ரங்கூனில் எங்கள் தின்கன்ஜூன் பகுதியில் அந்தக் காலத்துக் கட்டடம் எதிலும் லிஃப்ட் கிடையாது.

"முதுகுல ஏறுடா. ரெண்டு நிமிசத்துல எறக்கி விட்டுடறேன்" என்றார் அண்ணன்.

"மாட்டேன்."

அண்ணன் தங்கமானவர். ஆனால் பள்ளிக்கூடம் முடியும்வரை அந்த முதுகில்தான் போய் வந்தேன். காலையில் இறக்கிவிட்ட பெஞ்சிலேயே, சிறுநீரை அடக்கிக்கொண்டு, மாலையில் அவர் வரும்வரை உட்கார்ந்திருப்பேன். அது எப்படி இருக்கும் என்று தூக்கியவருக்குத் தெரியாது. கடைசிப் பரீட்சை எழுதிய அன்று, இனி யார் முதுகிலும் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன். திமிர் என்றார்கள். திமிர்தான்.

சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று பர்மிய மொழியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க ஆள் தேடியது. வீட்டிலிருந்தே செய்யலாம். இணையத்தில் ஒரு மணி நேரத் தேர்வு, மூன்று பகுதிகள். முப்பத்திரண்டு வயதுவரை அண்ணன் சோற்றைத் தின்றவனுக்கு, அவர் முதுகில் ஏறாமல் கிடைக்கக்கூடிய முதல் வேலை அது. சிக்னல் என்னிடம் ஏறி வந்தே ஆக வேண்டும்.

முதலில் அட்டைப் பெட்டியில் வெள்ளித்தாள் ஒட்டி லேப்டாப்புக்குப் பின்னால் நிறுத்தினேன். அரைக்கோடு கூடியது. பிறகு யூ.எஸ்.பி.யில் செருகும் சின்ன வயர்லெஸ் ஸ்டிக் ஒன்றை வாங்கி, அண்ணியின் சல்லடை நடுவில் கட்டிப் பார்த்தேன். அண்ணி இரண்டு நாள் மாவு சலிக்க முடியாமல் என்னைத் திட்டினாள். இன்னொரு கோடு வந்தது. அப்புறம்தான் கோளாறு எங்கே என்று பிடிபட்டது. நான்காம் மாடிக்காரர் மழைக்காக நீட்டியிருந்த தகரம் கடைக்கும் எனக்கும் நடுவில் நின்றது. தகரத்தைத் தாண்டிக் கீழே போனால் தடையே இல்லை.

இறங்குவதற்கு எங்களிடம் கயிறு இருந்தது. ரங்கூனில் மாடி வீடு என்றால் பால்கனியிலிருந்து கயிறு தொங்கும். மேல் முனையில் மணி, கீழ் முனையில் கிளிப். கீழே இருப்பவர் கயிற்றை இழுத்து மணியடித்தால் பத்திரிகையோ ரொட்டியோ மேலே வரும். நடுவில் பூஸ்டர் வைத்த நீளமான கேபிள் ஒன்றை வரவழைத்து, ஸ்டிக்கை பிளாஸ்டிக் பையில் போட்டு, இருட்டியதும் கயிற்றோடு மூன்றாம் மாடி வரைக்கும் இறக்கினேன். ஐந்து கோடுகள்! தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

தேர்வு நாள் காலை. அண்ணன் வேலைக்கும் அண்ணி பஜாருக்கும் போயிருந்தார்கள். இரண்டு பகுதிகளை அனுப்பிவிட்டு மூன்றாவதில் பாதிக்கு வந்திருந்தேன். திடீரென்று இணைப்பு அறுந்தது. கூடவே பால்கனியில் மணியடித்தது.

பால்கனிக் கதவுக்கு உள்ளே இருந்தபடியே கயிற்றை இழுத்தேன். பையில் சுடச்சுடச் சுரைக்காய் பஜ்ஜி இருந்தது. பக்கத்தில் கேபிளின் முனை மொட்டையாக ஆடியது.

எங்கள் கட்டடத்தில் மேல்வீட்டுப் பை உங்கள் பால்கனிக்கு நேராக வந்து நின்றால், அது உங்களுக்கு அனுப்பியது. வந்த பையை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டார்கள். மூன்றாம் மாடி பர்மிய அம்மாள் உள்ளே இருந்ததைக் கழற்றி எடுத்துக்கொண்டு பஜ்ஜி வைத்துவிட்டார். அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

திரையில் இருபத்திரண்டு நிமிடம் மீதி இருந்தது.

பகலில் நான் பால்கனிப் பக்கம் தலைகாட்டியதே இல்லை. கால்களைக் காரணமாகச் சொல்வேன். அது பொய். தரையில் நகரும் என்னைத் தெரு பார்த்துவிடும் என்ற கூச்சம்தான் காரணம். அன்று கையூன்றிப் போய், கம்பிகளுக்கு நடுவே தலையை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினேன். "ஆன்ட்டி! அதைத் திரும்பக் கொடுங்கள்! அது என் இன்டர்நெட்!"

தெருவே அண்ணாந்து பார்த்தது. பார்க்கட்டும். கயிற்றை மறுபடி இறக்கினேன். கீழே கடைக்காரர் வாசலுக்கு ஓடிவந்து, "கேபிளில் செருகுங்கள், கேபிளில்!" என்று அந்த அம்மாளுக்குக் கைகாட்டினார். அவர் செருகினார். எண்ணெய்க் கையோடுதான் செருகியிருப்பார், அதற்கென்ன. நான் உள்ளே வந்து உட்கார்ந்தபோது பதினொரு நிமிடம் போயிருந்தது. நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் மூன்றாம் பகுதியை அனுப்பினேன்.

மூன்றாம் நாள் சிங்கப்பூர் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தேர்வின் நடுவில் பதினொரு நிமிடம் தொடர்பில் இல்லையே, ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். பதில் திருப்தியாக இருந்தால்தான் விடைத்தாளைத் திருத்துவார்களாம்.

அண்ணன் பின்னால் நின்று வாசித்தார். "காலைப் பத்தி எழுதுடா. நடக்க முடியாது, அதான் இப்படி ஆச்சுன்னு எழுது. பாவம் பார்த்து வேலை குடுத்துடுவாங்க."

"பாவம் பார்த்துக் குடுக்கிற வேலை வேணாம்ணே."

"கெடைக்கலைன்னா?"

"கெடைக்க வேணாம்."

சொல்லிவிட்டேனே தவிர, அந்த வேலை எனக்கு மிகவும் வேண்டியிருந்தது. கயிறு, தகரம், பஜ்ஜி எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதினேன். கால்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அவர்கள் கேட்டது பதினொரு நிமிடத்தைப் பற்றி.

அடுத்த வாரம் வேலை கிடைத்தது. நீங்கள் நடப்பீர்களா என்று அவர்கள் இன்றுவரை கேட்டதில்லை.