இருவாச்சி இறங்கிய அத்திமரம்

என் மகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அவளுடைய மருந்து மரத்தின் மேல் ஒரு குரங்கின் கையில் இருந்தது. தண்ணீர்மலை முருகனை நம்பி வாழும் உங்களிடம் நான் சொல்ல வந்த சாட்சி இதுதான். கேட்டால் சிரிப்பு வரும். அன்றோ உயிரே என்னிடம் இல்லை.

நாங்கள் அந்த மலைக்குப் பக்கத்து ஊரான ஆயர் ஈத்தாம்காரர்கள். மகள் தர்ஷினிக்கு ஒன்பது வயது. சின்னதிலிருந்தே அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. இருவாச்சிப் பறவை என்றால் பைத்தியம். அறைச் சுவரெல்லாம் அதன் படம்தான். கெஞ்சிக் கெஞ்சியே சென்ற பள்ளி விடுமுறையில் எங்களைப் பக்கத்து மாநிலமான பேராக்கின் காட்டுக்குள் கூட்டிப்போய்விட்டாள். காரை ஏரிக்கரையில் விட்டுவிட்டுப் படகில்தான் அந்த விடுதிக்குப் போக முடியும். மரவீடு, சுற்றிலும் பெருங்காடு, போனில் லைன் கிடையாது.

புறப்படும் முன் கோயிலில் அவள் பெயரில் அர்ச்சனை செய்தேன். வாழைப்பழம், தேங்காய் மூடி, விபூதி எல்லாம் மஞ்சள் பையில் வந்தது. இழுப்பு வந்தால் வாயில் வைத்து இழுக்கும் பம்பையும் அதற்குள்ளேயே போட்டேன். சாமியிடம் போய்வந்த பை, மருந்துக்கும் அருள் சேரட்டுமே என்ற எண்ணம். என் வீட்டுக்காரர் அப்போதே சொன்னார்.

"பழத்தோட மருந்த வைக்காதே. காட்டுல கொரங்கு இருக்கும்லா."

"தண்ணீர்மலைக் கொரங்கையே பாத்தவ நானு. எனக்கே பாடமா?" என்று அவர் வாயை அடைத்தேன். எங்கள் வீட்டில் பேசுவது எப்போதும் நான்தான்.

மறுநாள் காலை மழை விட்டது. அதுவரை ஒரு இருவாச்சிகூடக் கண்ணில் படவில்லை. வராந்தாவில் பையைத் திறந்து பிள்ளைக்குப் பழம் எடுத்தேன். கூரையிலிருந்து குதித்த குரங்கு ஒன்று பையைப் பிடுங்கிக்கொண்டு எதிரே இருந்த அத்திமரத்தில் ஏறிவிட்டது. தர்ஷினி அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள். ஓடிய களைப்போ, ஈரக்காற்றோ, திரும்பி வரும்போதே அவள் நெஞ்சு விசில் அடித்தது.

"இன்னொரு பம்ப் எங்க?" என்றார் அவர்.

"கார்லங்க..."

கார் ஏரிக்கு அந்தப் பக்கம். அவர் படகுத்துறைக்கு ஓடினார். படகு மற்ற விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு எப்போதோ போயிருந்தது. அதை வாக்கி-டாக்கியில் திரும்பக் கூப்பிடச் சொல்லி அலுவலக அறைக்கு ஓடினார்.

நான் கத்தினேன். செருப்பைக் கழற்றி எறிந்தேன். குரங்கு இன்னும் உயரமாகப் போனது. பிள்ளையின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. கோபம் முருகன் மேல் திரும்பியது.

"ஒன்ன நம்பித்தானடா ஒம் பையில வச்சேன்! எம் புள்ள மருந்தக் கொரங்கு கையில குடுத்துட்டு வேடிக்கையா பாக்குற? பேசுடா!"

அப்போது தர்ஷினி என் வாயைப் பொத்தினாள். பேச அவளுக்கு மூச்சில்லை. சில்லென்ற சின்னக் கை. கண்ணால் மேலே காட்டினாள். நான் கத்தக் கத்தத்தான் அது ஏறுகிறது என்று பிள்ளைக்குப் புரிந்திருந்தது, எனக்குப் புரியவில்லை.

அவளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, என் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டேன். வாயைத் திறக்காமல் நான் சாமி கும்பிட்டது அதுதான் முதல் தடவை. நேர்ந்துகொள்ளக்கூடத் தோன்றவில்லை. முருகா, இவளைப் பார்த்துக்கொள். அவ்வளவுதான் மனத்தில் இருந்தது. காடும் அமைதியானது.

அந்த அமைதியில் காற்றை அறுப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சிறகுகள். ஒன்று, இரண்டு, பிறகு ஒரு கூட்டமே அத்திப்பழம் தின்ன வந்து இறங்கியது. மஞ்சள் அலகு, கறுப்பு உடம்பு. கிளை குலுங்கியது. மிரண்ட குரங்கு பையை விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவியது. தேங்காய் மூடி விழுந்தது. விபூதி கொட்டியது. பம்ப் ஈரச் சருகின் மேல் வந்து விழுந்தது.

ஓடிப்போய் எடுத்து, முந்தானையில் துடைத்து, குலுக்கி, அவள் வாயில் வைத்தேன். கொஞ்சங் கொஞ்சமாக மூச்சு உள்ளே இறங்கியது. உதட்டில் நிறம் வந்தது. அவள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"அம்மா... இருவாச்சிம்மா."

திரும்பி வந்த அவர் எங்களைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். படகு வந்ததும் புறப்பட்டு, அன்றே டாக்டரிடம் காட்டினோம். இப்போது பம்ப் அவள் கழுத்திலேயே தொங்குகிறது. இன்னொன்று அவர் பையில். அர்ச்சனைப் பையில் பழம் மட்டும்தான்.

நான் மாறிவிட்டேனா என்று கேட்டால், வாய் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. முருகனோடு சண்டையும் போடுகிறேன். ஆனால் சண்டை முடிந்ததும் கோயில் படியில் சற்று நேரம் சும்மா உட்காருகிறேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். அழுங்கள், திட்டுங்கள், எல்லாவற்றையும் அவனிடம் கொட்டுங்கள். பிறகு கொஞ்சம் அமைதியாக இருந்து பாருங்கள். அவன் வருவான்.

போன வாரம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது தர்ஷினி கேட்டாள்: "அம்மா, முருகன் மயில்லதானே வருவாரு?"

"அன்னைக்கு மயிலுக்கு லீவுலா," என்றேன்.

அவள் சிரித்தாள். மூச்சு முட்டாமல், வாய்விட்டு, நெடுநேரம் சிரித்தாள். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.