வாசல்தோறும் நின்ற அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. தெருவில் யாரைக் கேட்டாலும், "உங்க அண்ணன் மாதிரி வருமா? வாசல் வாசலா நின்னு விசாரிப்பாரே" என்கிறார்கள். தங்கை நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் நின்றது மூச்சு வாங்கியதால்.

இரும்புலியூரில் பிறந்து, மறைமலை நகர்த் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்த்து, என்னைக் கட்டிக்கொடுத்தவர் அண்ணன். புகையும் பீடியும் நுரையீரலைத் தின்ற பிறகும், "எனக்கு இன்னா? கல்லு மாதிரி கீறேன்" என்பார். சீக்காளி என்று தெரு சொல்லிவிடக் கூடாதாம். அதற்காகவே நாலு வீட்டுக்கு ஒரு வாசலில் நின்று, சாம்பார் முதல் சம்பந்தம் வரை விசாரித்தார். தெருக்காரர்களான நீங்களும் உருகிப்போனீர்கள்.

அண்ணியும் நானும் ஒருவழியாக அவரைத் தாம்பரத்தில் நுரையீரல் டாக்டரிடம் இழுத்துப்போனோம்.

"நடந்தா மூச்சு வாங்குதா?"

"இல்ல சார்."

"மாடி ஏறினா?"

"இல்லவே இல்ல."

எனக்கு வந்ததே கோபம்! "ஏறினாத்தானே சார் வாங்கும்? மாடிப் பக்கம் போயே வருஷமாவுது. குளிக்கிறதுகூட ஸ்டூல்ல உக்காந்துகினு, அண்ணிதான் தண்ணி ஊத்தறாங்க" என்று போட்டு உடைத்தேன். அண்ணன் முறைத்தார்.

டாக்டர் வராண்டாவில் நடக்கச் சொன்னார். கொஞ்ச தூரத்திலேயே அண்ணன் காவலாளியிடம் நின்று, "எந்த ஊருப்பா?" என்றார். அடுத்து, பெருக்கும் அம்மாவிடம், "பசங்க இன்னா படிக்குதும்மா?" டாக்டர் சிரித்துவிட்டார். "விசாரிச்சது போதும் சார். முடியாம விட்ட வேலையெல்லாம் என்னென்னன்னு சொல்லுங்க."

இன்ஹேலர், உதட்டைக் குவித்து மூச்சுவிடும் பயிற்சி என்று தொடங்கி, பீடியையும் விட்டார். சில மாதங்களில் ஜி.எஸ்.டி. ரோடு வரை நிற்காமல் நடந்தார். உடனே தெருவில் புகார்: "உங்க அண்ணனுக்கு எங்க மேல இன்னா கோவம்? நிக்காமப் போறாரு!" பெரிய பேஜாராகிவிட்டது. மறுநாளிலிருந்து அண்ணன் மூச்சு வாங்காமலேயே நிற்க ஆரம்பித்தார்.

நோய் மறுபடி முற்றி, ஆக்சிஜன் மெஷினோடு கட்டிலில் கிடந்தபோது நீங்கள் அவரைத் தேடி வந்தீர்கள். ஒருநாள் எதிர்வீட்டு அக்கா, மகளின் மாமியார் சண்டையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் ஓய்வெடுக்கட்டுமே என்று நான் அக்காவைக் கிளப்பப் பார்த்தேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடும்மா... கதை... பாதியில நிக்குது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

டாக்டருக்கும், சலிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், வந்து பேசிய உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மறுநாளும் வந்து மிச்சத்தைச் சொன்ன எதிர்வீட்டு அக்காவுக்கு என் தனி நன்றி. அண்ணன் முழுசும் கேட்டுவிட்டுத்தான் போனார்.