அல்கொங்குவின் பயணமும் வீட்டில் வைத்த மெஷினும்

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆகஸ்டில் நானும் மனைவி பாக்கியமும் ஒரு சின்ன ட்ரெயிலரைக் காரின் பின்னால் கொளுவிக்கொண்டு கனடாவின் 'அல்கொங்குவின்' என்ற காட்டுப் பார்க்குக்குப் போனோம். நான் ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. மிசிசாகாவில் பதினொரு வருடம் வேலை செய்த கிடங்கின் சுப்பர்வைசர், தான் பாவிக்காமல் வைத்திருந்த மடக்கு ட்ரெயிலரை எண்ணூறு டொலருக்குத் தந்தார். கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பும், இரண்டு பக்கமும் கட்டில் விரியும். வயதானவர்கள் இப்படிப் போய்வரலாமா என்று சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். போகலாம். ஆனால் சந்தோஷமான கதை வேண்டுமென்றால் வேறு யாருடையதையாவது வாசியுங்கள்.

பாக்கியத்தை வீட்டை விட்டுக் கிளப்புவதுதான் பெரும்பாடு. அவளுடைய தங்கை கமலா யுத்தத்துக்குள் வன்னியில் இருந்தாள், அங்கே போன் இல்லை. அவள் குரலைக் கேட்டு இரண்டு வருடம். கணவரின் கண் ஒப்பரேஷனுக்கு வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் கிடைத்தால் கொழும்புக்கு வருவேன், வந்தால் போன் எடுப்பேன் என்று ஜூனில் கடிதம் போட்டிருந்தாள். அன்று தொடங்கி பாக்கியம் கோயிலுக்கும் போகவில்லை. டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டில், போனுக்குப் பக்கத்திலேயே இருந்து கீரை ஆய்ந்தாள்.

"நாங்கள் இல்லாத நேரம் எடுத்தாளெண்டால்?" என்றாள்.

"அதுக்குத்தானே மெஷின் வாங்கினனான். அவள் சொல்லுறதை அது பிடிச்சு வைக்கும்."

"பிறம்ரனிலையிருந்து மகனை வந்து நிக்கச் சொல்லுவமே?"

"நாலு நாளைக்கு அவனை லீவு போட வைக்கிறதே? நீர் சும்மா வாரும்."

ஆளில்லாத நேரம் போனை எடுத்துச் செய்தி பதியும் அந்த மெஷினில் 'வீட்டில் இல்லை, செய்தி சொல்லுங்கள்' என்பதை நானே பதிந்தேன். ஆங்கிலத்தில். வங்கியிலிருந்தும் டொக்டர் கந்தோரிலிருந்தும் எடுப்பவர்கள் நம்மைக் குறைவாக நினைக்கக்கூடாது என்ற எண்ணம். கிடங்கில் பழகிய கனடா உச்சரிப்பில் மூன்று தரம் பதிந்து பார்த்து, திருப்தி வந்த பிறகுதான் விட்டேன். பெருமைக்குக் குறைச்சல் இல்லை.

செவ்வாய் காலை 9.10க்குப் புறப்பட்டோம். 401ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, 400இல் வடக்கே திரும்பினோம். ட்ரெயிலரோடு 85க்கு மேல் ஓட்டினால் பின்பக்கம் ஆடுகிறது, அதனால் வலது ஓரமாகவே போனேன். பாரி நகரில் நிறுத்தி, கொண்டுபோன புட்டும் சம்பலும் சாப்பிட்டு, ஒரில்லியா போய்ச் சேர மதியம் 12.30. வீட்டிலிருந்து 140 கிலோமீற்றர். ஏரிக்கரையில் ஓர் இரவுக்கு இருபது டொலர். ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுத்து இடத்தில் விட எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. பாக்கியம் ஒரு மரத்தோடு சாய்ந்து நின்று, "இன்னும் கொஞ்சம் எடுத்தால் ஏரிக்குள்ளைதான்" என்றாள்.

எங்கள் மெஷினில் ஒரு வசதி இருந்தது. வெளியில் நாணயம் போடும் போனிலிருந்து நாமே நம் நம்பருக்கு எடுத்துப் பார்க்கலாம். புதுச் செய்தி இருந்தால் இரண்டாவது மணியிலேயே மெஷின் எடுக்கும், இல்லாவிட்டால் நாலாவதில்தான். ஆகவே மூன்றாவது மணி அடித்ததும் வைத்துவிட்டால் போட்ட நாணயங்கள் திரும்ப விழும். பாரியில், ஒரில்லியாவில், புதன் மதியம் ஹண்ட்ஸ்வில்லில் என்று மூன்று இடத்தில் எடுத்தோம். மூன்றிலும் நாணயம் விழுந்தது. ஒவ்வொரு முறையும் அவள் முகம் வாடியது.

புதன் 3.15க்குப் பார்க்கில் இறங்கினோம். மின்சாரத்தோடு இடத்துக்கு இருபத்திரண்டு டொலர். சாயந்தரம் பாக்கியம் சேலையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். "உண்மையாய் நல்லாத்தான் இருக்கு" என்றாள். இருட்டியதும் நெருப்பு மூட்டிச் சோளம் சுட்டோம். ஜூனுக்குப் பிறகு அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

வியாழன் காலை 8.30க்குப் பார்க் கடை வாசலில் இருந்த போனில் எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே என் குரல் வந்தது. ரகசிய இலக்கத்தை அழுத்திவிட்டு, இருவருமாக ரிசீவரில் காதை வைத்தோம். முதல் அழைப்பில் தெருச் சத்தம் மட்டும், பிறகு வைத்துவிட்டார்கள். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் கமலா. எங்களோடு அல்ல, கொழும்பில் காசு கட்டிப் போன் பேசும் கடையின் பொடியனோடு பேசினாள்.

"தம்பி, ஆரோ வெள்ளைக்காரன் இங்கிலீசிலை கதைக்கிறான். அக்கா வீடு மாறிட்டா போலை. பரவாயில்லை, வையுங்கோ."

"அது அத்தானடி! வைக்காதை கமலா, அது அத்தான்!" என்று பாக்கியம் ரிசீவருக்குள் கத்தினாள். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது பதிவு என்று அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெஷின் நேரத்தையும் சொன்னது: புதன் இரவு 9.35. நாங்கள் சோளம் சுட்டுக்கொண்டிருந்த நேரம்.

ஒன்பதரைக்கே வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டோம். கிட்டத்தட்ட 290 கிலோமீற்றர், பெற்றோல் அடிக்க மட்டும் நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பாக்கியம் போனடியில் இருந்தாள். பத்து நாள் இருந்தாள். அழைப்பு வரவில்லை.

ஒக்டோபரில் கமலாவின் கடிதம் வந்தது. 'நம்பர் மாறினால் எழுதியிருக்கலாமே அக்கா. மூன்று தரம் எடுத்தேன். அவருக்குக் கண் சுகம். பாஸ் முடிந்து திரும்பிவிட்டோம்.' நாங்கள் நாலு பதில் போட்டோம். ஒன்றாவது கிடைத்ததா என்று தெரியாது. அடுத்த மாசியில் கமலா மலேரியாவில் போய்விட்டாள். அந்தச் செய்தி போனில்தான் வந்தது. அப்போது நாங்கள் இருவரும் வீட்டில் இருந்தோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வாரநாளில் போங்கள், இடம் கிடைக்கும். பின்னுக்கு எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று கை காட்டட்டும். யாராவது எடுக்கக்கூடும் என்று உங்கள் வீட்டில் ஒருவர் காத்திருந்தால், மெஷினை நம்பாமல் ஓர் ஆளை விட்டுவிட்டுப் போங்கள். நான் மகனைக் கேட்டிருந்தால் அவன் மறுத்திருக்க மாட்டான்.

நாங்கள் திரும்பிய அன்று மாலையே பாக்கியம் என் ஆங்கிலத்தை அழித்துவிட்டுத் தானே பதிந்தாள். "நாங்கள்தான். வீடு மாறேல்லை. வைக்காதை பிள்ளை, கதை." வங்கிக்காரரும் டொக்டர் கந்தோரும் வருடக்கணக்காக அதைத்தான் கேட்டார்கள். கமலா போன பிறகு, அதை மாற்றுவோமா என்று ஒரு நாள் மெல்லக் கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள் பாக்கியம். "நீங்கள் அவளுக்கு ஒரு சொல் தமிழிலை சொல்லியிருக்கலாம்."

அவள் என்னைக் குறை சொன்னது அந்த ஒரு முறைதான்.