கோழிக்கறி மலையேறிய கதை

சென்ற ஞாயிற்றுக்கிழமை, அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த நோர்வேச் சப்பாத்தை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு, எங்கள் ஊர் உப்புவெளியிலிருந்து நகரத்துக் கோட்டை வாசல் வரை நடந்துவிடுவது என்று கிளம்பினேன். டொக்டர் நடக்கச் சொல்லவில்லை. வீட்டில் சண்டையும் இல்லை. சும்மா நடக்கவேண்டும் போல இருந்தது. அந்தச் சும்மாவை எங்கள் ஊரில் யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது என்பது முதலாவது சந்தியிலேயே தெரிந்துவிட்டது.

"அண்ணை, ஏறுங்கோ. எங்க போறியள்?" என்று ஓர் ஓட்டோ பக்கத்தில் வந்து நின்றது.

"ஒரு இடமும் இல்லைத் தம்பி. நடக்கிறன்."

"வெயிலுக்க என்னண்ணை நடை? நான் அந்தப் பக்கந்தான் போறன், ஏறுங்கோ."

எந்தப் பக்கம் என்று நான் சொல்லவே இல்லை. அவனை ஒருவாறு அனுப்பினால், அடுத்து மோட்டார் சைக்கிளில் வந்த கடைக்காரர் "சைக்கிள் பழுதோ?" என்றார். தூரத்து உறவுக்கார அக்கா ஒருவர் கேற்றடியில் நின்றபடி, "சீனி கூடிப்போச்சோ?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார். நான் நகரத்துக்குள் நுழைவதற்கு முன்பே, நான் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறேன் என்று என் மனைவிக்குத் தொலைபேசியில் செய்தி போய்விட்டது.

கோட்டை வாசலில் மான்கள் வழக்கம்போலக் குப்பை மேய்ந்துகொண்டு நின்றன. அங்கேதான் வலதுகால் சப்பாத்தின் அடி கழன்றது. நான் முன்னாலும் அது பின்னாலுமாக நின்றோம். ஒரு மான் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டது. பொலித்தீன் பையை ருசித்துத் தின்கிற மான் அது. அதற்கே பிடிக்கவில்லை.

நானும் அதைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். எங்கள் உப்புக்காற்றும் மழைக்காலமும் சேர்ந்து உண்டாக்கிய பூஞ்சண மணத்துக்கு அடியில், எங்கேயோ கொஞ்சம் ஈரக் கம்பளியும் விறகுப் புகையும் இருந்தன. அல்லது இருந்ததாக நான் நினைத்துக்கொண்டேன். அந்த வயது எனக்கு வந்துவிட்டது.

நோர்வேயில் நான் இருந்த பேர்கனும் எங்கள் ஊரைப்போல ஒரு துறைமுகப் பட்டினந்தான். முன்னால் கடல், பின்னால் மலை, தலைக்கு மேலே ஓயாத மழை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கடை எல்லாம் பூட்டு. எங்கள் ஊருக்கு அக்கரையில் இருக்கும் கிண்ணியாவைச் சேர்ந்த ரபீக்கும் நானும் ஒரே அறையில் இருந்தோம். ஊரில் எங்கள் இருவருக்கும் நடுவே கடல் கிடந்தது. பேர்கனில் இரண்டு கட்டில்களுக்கும் நடுவே ஒரு கதிரை வைக்கவும் இடம் கிடையாது. அந்த அறைக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் நட்பு மிஞ்சாது என்று, குடையைப் பிடித்துக்கொண்டு நகரத்தைச் சுற்ற இறங்கிவிடுவோம். மீன் சந்தை, கப்பல் துறை, மரவீடுகளுக்கு நடுவே ஏறும் படிக்கட்டு ஒழுங்கைகள், நடு ஊரில் இருக்கும் குளம் என்று ஒரு சுற்று. கப்பல் துறைக்கு வந்ததும் ரபீக் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இவனுகள்ட துறைமுகமும் பரவாயில்ல மச்சான். ஆனா எங்கட ஆழம் இல்ல" என்பான். ஒவ்வொரு கிழமையும் சொல்வான். இரண்டின் ஆழத்தையும் அவன் அளந்து பார்த்ததில்லை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். அதே ஆட்கள் மலைப்பாதையில் கால் வைத்துவிட்டால், எதிரே வருகிற முன்பின் தெரியாத எல்லோருக்கும் "ஹை, ஹை" என்று சொல்லிச் சிரிப்பார்கள். தெரு எங்கே முடிந்து மலை எங்கே தொடங்குகிறது என்பதுதான் எங்களுக்குப் பிடிபடவில்லை. ரபீக் பஸ் தரிப்பிடத்தில் நின்ற ஒரு வயதான அம்மாவுக்கு மனம் நிறைந்த ஹை ஒன்று சொன்னான். அந்த அம்மா கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு விலகி நின்றார்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டு சொல்கிறேனே தவிர, அந்த நாட்களில் என் நெஞ்சுக்குள் ஒரு கல் கிடந்தது. உப்புவெளியில் சுகந்தியைப் பதிவுத் திருமணம் செய்து, ஒரு மாதம் அவளோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தேன். அவளைக் கூப்பிடுவதற்கு நிரந்தர வேலை வேண்டும். நான் ஓர் ஆசுபத்திரிக் குசினியில் தற்காலிகமாக உருளைக்கிழங்கோடு போராடிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் இப்படியே போய்விட்டது. முதலில் தொலைபேசியில் "சாப்பிட்டீங்களோ?" என்று தொடங்கியவள், பிறகு பிறகு "வேலை சரி வந்திட்டுதோ?" என்றே தொடங்கினாள்.

அப்படியிருக்கும்போதுதான் குசினிப் பொறுப்பாளர் ஆர்னே ஒரு நாள் கையைத் துடைத்துக்கொண்டே, "சனிக்கிழமை மலைக் குடிலுக்குப் போகிறோம், இலையுதிர் காலம் நன்றாக இருக்கும், நீயும் வா" என்றார். குசினியில் நிரந்தர இடம் ஒன்று காலியாகப் போகிறது என்று எல்லோரும் குசுகுசுத்துக்கொண்டிருந்த நேரம் அது. நான் அறைக்கு ஓடி வந்து ரபீக்கிடம் சொன்னேன்.

"மச்சான், இதுதான் சோதனை" என்றான் அவன். "வேலை குடுக்க முந்தி வீட்ட கூப்பிட்டு ஆளப் பாப்பானுகள். வெறுங்கையோட போயிராத. நல்லா உடுத்திட்டுப் போ."

பெரிய மனிதர் ஒருவர் தன் வீட்டுக்கு அழைத்தால் எங்கள் ஊரில் எப்படிப் போவோம்? அப்படியே போனேன். வெள்ளைச் சேட்டு. கலியாணத்துக்கு வாங்கிய கறுப்புச் சப்பாத்து. கையில், எங்களிடம் இருந்ததிலேயே பெரிய அலுமினியச் சட்டி நிறையக் கோழிக்கறி, மூடியோடு சேர்த்து நான் உடுத்தும் சாரத்தால் கட்டியது. பக்கத்தில் ஒரு பொதி சோறு. குடில் என்று சொன்னது அவருடைய அடக்கம், போனால் பங்களாவாகத்தான் இருக்கும் என்று ரபீக் உறுதியாகச் சொல்லியிருந்தான்.

ரயில் நிலையத்தில் ஆர்னேயோடு ஒரு நடுத்தர வயதுப் பெண்ணும் நின்றார். "இது இங்கிரிட்" என்றார் ஆர்னே. அவ்வளவுதான். அந்த நாட்டு அறிமுகத்தில் பட்டம் பதவி ஒன்றும் வராது. முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை, சாயம் போன தொப்பி. ஆர்னேயின் அக்காவாக இருக்கும், சமைத்துக் கழுவிக் கொடுக்க வருகிறார் என்று நானாகவே முடிவுகட்டினேன். அவர் சட்டியைப் பார்த்தார், என் சப்பாத்தைப் பார்த்தார், ரயிலில் ஏறினார்.

ரயிலால் இறங்கியதும், "வாகனம் எங்கே நிற்கிறது?" என்று கேட்டேன். ஆர்னே மலையைக் காட்டினார்.

அந்த மலை அன்று எப்படி இருந்தது என்று சொல்லவேண்டும். நிலத்தோடு படர்ந்த செடிகள் எல்லாம் செத்தல் மிளகாய் நிறம். நடுவே மஞ்சள் மரங்கள். ஆனால் நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. நான் ஆர்னேயின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு ஏறினேன். முதலில் சட்டியின் காதுகளில் ஒரு தடியைக் கோர்த்து, பெரிய பாரை மீனைத் தூக்குவதுபோல நானும் இங்கிரிட்டும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். அப்படிப் போனால் ஆர்னேயோடு கதைக்க முடியாதே என்று, சட்டியை இங்கிரிட்டின் முதுகுப் பையின் மேல் கட்டிவிட்டு, "குழம்பு சிந்தாமல் நேராக நடந்து வாருங்கள்" என்று புத்தியும் சொல்லிவிட்டு, நான் முன்னால் ஓடி ஆர்னேயின் பையைப் பறிக்காத குறையாக வாங்கிச் சுமந்தேன். கொஞ்சத் தூரத்தில் புல் என்று நினைத்துக் கால் வைத்த இடம் சேறாக இருந்தது. முழங்கால் வரை போனேன். கால் வந்தது. கலியாணச் சப்பாத்து வரவில்லை. மிச்சத் தூரத்தை ஒரு காலில் பிளாஸ்டிக் பையோடு ஏறினேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பைக்கும் சேர்த்து ஹை சொன்னார்கள்.

குடில் குடிலாகத்தான் இருந்தது. மின்சாரம் இல்லை, குழாய் இல்லை, கக்கூசு காட்டுக்குள். மூலையில் யாரோ விட்டுப்போன பழைய சப்பாத்துச் சோடி ஒன்றை இங்கிரிட் தேடி எடுத்துத் தந்தார். கோட்டை வாசலில் மான் வேண்டாம் என்றது அதைத்தான்.

ஆர்னே ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்க்கத் தொடங்கினார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்களுக்கு அது நிம்மதி. எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்தால், சம்பந்தம் சரிவராது என்று பொருள். அவர் கண்ணில் படும்படியாக ஜன்னலுக்கு நேரே நின்று விறகு கொத்தினேன். அவர் எழுந்து வந்து, "கொஞ்சம் தள்ளி நில், மலை தெரியவில்லை" என்றார்.

ஆர்னேக்கு முன்னால் என் நோர்வே மொழி நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஓடைக்கு இங்கிரிட்டோடு தண்ணீர் அள்ளப் போனபோது மட்டும் தடையில்லாமல் ஓடியது. அவரால் எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லையே. அவர் சும்மா ஒரு கேள்வி கேட்க, நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். உங்களுடைய மண்ணிறப் பாற்கட்டி சவர்க்காரம் மாதிரி இருக்கிறது என்றேன். மேலே கோயிலும் இல்லை, கடையும் இல்லை, எதற்காக ஏறுகிறீர்கள் என்றேன். ஆர்னேக்கு உப்பு அளவே தெரியாது, நோயாளிகள் சொல்லாமல் சாப்பிடுகிறார்கள் என்றேன். கடைசியில் சுகந்தியின் கதைக்கு வந்தேன். அந்தக் கிழமை அவள், "நீங்கள் என்னைக் கூப்பிடுவீங்களோ, மாட்டீங்களோ? ரெண்டில ஒண்டு சொல்லுங்கோ. நானும் எத்தினை பேருக்குப் பதில் சொல்லுறது?" என்று கேட்டிருந்தாள். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இங்கிரிட் வாளியைக் கீழே வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை நின்றார்.

கோழிக்கறியை விறகடுப்பில் சூடாக்கினோம். ஆர்னே இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, மூக்கும் கண்ணும் ஓட, மலையைப் பார்க்க வெளியே போய்விட்டார். இங்கிரிட் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டு, சட்டியைப் பாண் துண்டால் வழித்துத் தின்றார். "அடி பிடித்திருக்கும், நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்" என்று சட்டியையும் அவரிடமே கொடுத்தேன்.

மறுநாள் கிளம்புவதற்கு முன் குடிலைக் கூட்டி, அடுத்து வரப்போகிற யாரோ ஒருவருக்காக விறகு கொத்தி அடுக்கி, வாளியில் தண்ணீரும் வைத்துவிட்டு இறங்கினோம். பாதி வழி வந்தும் ஆர்னே வேலையைப் பற்றி மூச்சுவிடவில்லை. இனிப் பொறுக்க முடியாது என்று நானே கேட்டேன்.

ஆர்னே நின்றார். அவர் சொன்னதை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "வேலையோ? அதை ஏன் என்னட்டக் கேக்கிறாய்? ஆளெடுக்கிறது இங்கிரிட். மேல் மாடியில இருக்கிறவ. குடிலும் அவவின்ரதான். உனக்குத் தெரியாதோ?"

திரும்பிப் பார்த்தேன். ஆசுபத்திரியில் ஆளெடுக்கும் அதிகாரி, முதுகில் என் அலுமினியச் சட்டி கடகடக்க, நேராக நடந்து வந்துகொண்டிருந்தார். சவர்க்காரமும் உப்பும் அடிப்பிடித்த சட்டியும் வரிசையாக என் நினைவுக்கு வந்தன. அந்தச் சேற்றைத் தேடிப் போய் முழுதாக இறங்கிவிடலாமா என்று இருந்தது.

"மலையில வேலைக் கதை கதைக்கிறேல்லை" என்றார் இங்கிரிட். கொஞ்சத் தூரம் போனபிறகு, "உன்ர மனுசி நடப்பாவோ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. ஒரு மாதப் பழக்கத்தில் அதையெல்லாம் யார் கேட்டுவைக்கிறார்கள்?

திங்கட்கிழமை மேல் மாடிக்குக் கூப்பிட்டு வேலையைத் தந்தார். கையோடு, உப்பு விஷயத்தை ஆர்னேயிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

அடுத்த இலையுதிர் காலத்துக்கு முன்பே சுகந்தி வந்துவிட்டாள். முதல் ஞாயிறு மலைக்குக் கூட்டிப்போனேன். "இதுக்கோ என்னைக் கூப்பிட்டனீங்கள்? வேலை வெட்டியில்லாமல் மலை ஏறவோ?" என்று பாதி வழியில் கல்லொன்றில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் வருடம் அவள் முன்னால் போய், எனக்காக அதே கல்லில் உட்கார்ந்து காத்திருந்தாள். போகிற குடில்களில் எல்லாம், அடுத்து வருகிறவர்களுக்கு விறகோடு கடதாசியில் சுற்றிய ஒரு சரை மிளகாய்த்தூளும் வைத்துவிட்டு வருவாள். எத்தனை நோர்வேக்காரர் அந்த மலைகளில் கண்ணீர்விட்டார்களோ தெரியாது.

அந்த நடைகளில்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் அறிந்தோம். ஏறும்போது மூச்சு வாங்கும், கதை வராது. இறங்கும்போது வரும். அவளுடைய பயங்கள், யாருக்கும் சொல்லாத சின்னச் சின்னக் கோபங்கள், பிள்ளை வயிற்றில் தங்காமல் போனதன் துக்கம், எல்லாம் ஏதோ ஒரு மலையின் இறக்கத்தில் கேட்டவைதான். அங்கே அவளுக்கு என்னைவிட்டால் ஆளில்லை, எனக்கும் அவளை விட்டால் ஆளில்லை. அதைப் பெரிய குறை என்று நினைத்து, ஊருக்குப் போய்விட்டால் தீர்ந்துவிடும் என்று எத்தனையோ தரம் பேசிக்கொண்டு இறங்கியிருக்கிறோம்.

இப்போது ஊருக்கு வந்துவிட்டோம். ரபீக் லண்டனில் பேரப்பிள்ளைகளோடு. இங்கிரிட் இறந்தபின் குடில் கைமாறிவிட்டது. எங்கள் வீட்டில் காலை தொடங்கி இரவு வரை ஆள் வரத்து. சுகந்தியின் தங்கை, தங்கையின் பிள்ளைகள், கோயில் சபை, பக்கத்து வீடு. அவள் சிரித்தபடி இருக்கிறாள், அதில் எனக்குக் குறையில்லை.

நேற்று அவளிடம், "இறக்கக்கண்டிப் பக்கம் கடற்கரையில கொஞ்சம் நடப்பமோ?" என்றேன். உடனே சரி என்றாள். பின்னேரம் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. எல்லோரும் ஏறினார்கள், சோற்றுப் பொதியும் ஏறியது. நான் சாரதிக்குப் பக்கத்தில், அவள் கடைசி வரிசையில்.

"என்னப்பா, பேசாமல் வாறியள்?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"ஒண்டுமில்லை" என்றேன்.

அவளிடம் சொல்லவேண்டியவை நிறைய இருந்தன. அவள் நோர்வேக்கு வருவதற்காக இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தேன். இப்போது ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவள் வருவதற்காக மறுபடியும் காத்திருக்கிறேன்.