ஜெய்புன்னிசாவின் குப்பி

ஜெய்புன்னிசா தவறிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். பழங்காநத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபடி, இந்தம்மா இருக்கிறவரை நம் ஆய்வு முடியாது என்று போனில் ஒரு நண்பரிடம் புலம்பி முடித்தேன். அடுத்த அழைப்பு அவருடைய தம்பியிடமிருந்து. மாரடைப்பு. அப்போதும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பாதி வேலையில் விட்டுவிட்டுப் போகலாமா?

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். சிம்மக்கல் மொத்த வியாபாரிகளின் மன அழுத்தத்தை அறிய, எச்சிலில் கார்டிசால் ஹார்மோனை அளப்பது எங்கள் ஆய்வு. எழுந்ததும் பல் விளக்காமல், டீ குடிக்காமல் குழாயில் எச்சில் பிடித்துத் தர வேண்டும். வெங்காய மண்டிக்காரர் ஒருவரின் எச்சில் லேசாகச் சிவந்திருந்தது. ஜெய்புன்னிசா கேட்டால் மனிதர் கூச்சப்பட்டார். "பல்லு வெளக்காத எச்சிய எப்படிம்மா உங்க கையில குடுக்கிறது? மரியாதையா இருக்குமா?"

விசாரித்ததில் பாதிப் பேர் பல் விளக்கிவிட்டு அதே மரியாதையைச் செய்திருந்தார்கள். ஈறில் கசியும் ரத்தத்திலும் கார்டிசால் உண்டு, அது அளவைக் கூட்டிக் காட்டும் என்று ஜெய்புன்னிசா அத்தனை குழாய்களையும் ஒதுக்கிவிட்டார். சிவந்ததை மட்டும் கழிப்போம், கெடு நெருங்குகிறது என்று கெஞ்சிப் பார்த்தேன். "கண்ணுக்குத் தெரியாத ரத்தமும் ரத்தந்தாண்ணே" என்றார். பிறகு கடை கடையாக ஏறி, விளக்காத வாய்தான் எங்களுக்கு மரியாதை என்று கும்பிட்டுக் கேட்டது யார்? நான்தான்.

அவருடைய இன்னொரு பிடிவாதம் எங்கள் குளிர்பெட்டியில் இருக்கிறது. தன் எச்சிலையே பிடித்து, ஒன்றாகக் கலந்து, சின்னக் குப்பிகளில் பிரித்து உறைய வைத்திருந்தார். ஒவ்வொரு சோதனையிலும் அதில் ஒரு குப்பி சேர வேண்டும். ஒரே எச்சில், ஒரே அளவுதான் வர வேண்டும். மாறினால் அன்றைய முடிவுகள் எதுவும் செல்லாது. நான் முகம் சுளித்தால், "என் எச்சியவே ஒழுங்கா அளக்கத் தெரியலைன்னா, ஊரு எச்சியப் பத்தி நாம என்னண்ணே பேசுறது?" என்பார்.

அடக்கம் முடிந்த வாரத்தில் மிச்ச மாதிரிகளைச் சோதனைக்குப் போட்டேன். எல்லா எண்களும் எதிர்பார்த்தபடி வந்தன, அவருடைய குப்பியைத் தவிர. அது ஏறிக்கிடந்தது. அறையில் வேறு யாருமில்லை. மறுநாள் அறிக்கை கொடுத்தாக வேண்டும்.

"செத்தும் விடமாட்டியாம்மா?" என்று வாய்விட்டே கேட்டேன். அறிக்கை தாமதமாகும் என்று எழுதி அனுப்பிவிட்டு, முதலிலிருந்து தொடங்க இன்னொரு குப்பியை எடுத்து உருக வைத்தேன்.

அவர் எனக்கு விட்டுப்போனது அந்தக் குப்பிகள்தான். அவை தீர்ந்த பிறகு என்னை யார் நிறுத்துவார்கள் என்று தெரியவில்லை.