மாடிப்பூங்காவில் நான் காணாமல் போன மத்தியானம்

காணும் பொங்கலன்று வெளியே கிளம்புவதற்கு முன் எங்கள் தெருவில் பிள்ளைகளின் கையில் போன் நம்பர் எழுதுவார்கள். முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், நீல மார்க்கர் பேனாவால். கூட்டத்தில் பிள்ளை தொலைந்துபோனால் யார் கண்ணில் பட்டாலும் அந்த நம்பருக்கு அடிக்கட்டும் என்பது ஏற்பாடு. அது அம்மாவின் நம்பராக இருக்க வேண்டும். அப்பாக்கள் அன்று சீட்டாடிக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருப்பார்கள், போன் அடித்தால் எடுக்கமாட்டார்கள் என்று தெருப் பெண்கள் எப்போதோ முடிவு செய்திருந்தார்கள்.

எனக்கு ஒன்பது வயதானபோது அந்த எழுதும் வேலை என்னிடம் வந்தது. என் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். எல்லா வீட்டு நம்பர்களும் எனக்கு மனப்பாடம். எதையும் வரிசையாக எழுதி வைக்கும் பழக்கம் அப்போதே உண்டு. தெருவிலிருக்கும் நாய்கள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பாவின் ஷிப்ட் நேரங்கள், வீட்டில் உடைந்துபோன சாமான்கள், எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அப்பாவின் தம்பியான சித்தப்பா என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருஷம் மொத்தம் பதினொரு பிள்ளைகள். பத்துப் பேருக்கு எழுதி முடித்தேன். அப்பாவுக்கு அன்று பகல் ஷிப்ட். அடுப்படியில் இருந்தபடியே அத்தை, "உன் கையில என் நம்பர எழுதிக்கோ பாப்பா" என்றாள். அத்தை அப்பாவின் அக்கா. ஐந்து மாதமாக எங்கள் வீட்டை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடி மாதத்தில் ஒருநாள் அம்மா, எர்ணாவூரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் ஒருமுறைக்கு மேல் கேட்கவில்லை. கேட்டபோது அத்தை வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

என் கையில் நான் அம்மாவின் நம்பரைத்தான் எழுதிக்கொண்டேன். விதி அப்படித்தானே இருந்தது. மை காய்வதற்காகக் கையை ஊதிக்கொண்டிருந்தபோதுதான் அடுத்த யோசனை வந்தது. நான் தொலைந்துபோனால் அம்மாவுக்குப் போன் போகும். போன் போனால் அம்மா வந்துதான் ஆகவேண்டும். எங்கும் பிசகில்லாத திட்டமாகத் தெரிந்தது.

குட்டியானை வண்டியில் பாய்கள், புளிச்சோற்று அண்டா, வறுத்த மீன், அவித்த முட்டை, கரும்புத் துண்டுகள், இவற்றுக்கு இடையில் நாங்கள். வெயில் தாழும்வரை மாடிப்பூங்காவில் இருந்துவிட்டு, மூன்று மணிக்குத் திருவொற்றியூர்க் கடற்கரைக்குப் போவதாகப் பேச்சு. கடற்கரையில் நிழல் கிடையாது.

மாடிப்பூங்கா ஒரு பழைய கோட்டை மதிலின் தலையில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் ஊரைச் சுற்றி எழுப்பிய மதிலில் இடியாமல் மிஞ்சிய துண்டு அது. ஒரு தெருவின் அகலம் இருக்கும். சாய்வான பாதையில் ஏறினால் மேலே புல்லும் மரங்களும் சிமெண்ட் பெஞ்சுகளும். கீழே சுவரின் வயிற்றில் சின்னச் சின்ன அறைகள். சுவரைச் சேதப்படுத்தினால் தண்டனை என்று சொல்லும் பலகை ஒன்று வாசலில் நின்றது. எங்கள் கூட்டத்தில் அதை முழுவதும் படித்தவள் நான் ஒருத்திதான்.

"மைசூர் குதிரப்படை வருதுன்னு பயந்துகினு கட்னது டீச்சரம்மா" என்றார் சித்தப்பா, முட்டையை உரித்தபடி. "பீரங்கில்லாம் மேல ஏத்தி வெச்சிட்டு ரோட்ட பாத்துகினு குந்தினு இருந்தானுங்க."

"வந்தாங்களா?"

"எங்க வந்தானுங்க. கடைசில நாமதான் வந்தோம், முட்ட துன்றதுக்கு."

மூன்று மணிக்கு எல்லோரும் இறங்கினோம். வண்டியில் ஏற்றும்போது பிள்ளைகளை எண்ணுவதும் என் வேலைதான். பின்கதவுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஏற்றினேன். கடைசியில் என்னையும் சேர்த்துப் பதினொன்று என்றேன். அத்தை முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் அண்டாவோடு உட்கார்ந்திருந்தாள். நான் சித்தப்பாவிடம், "முன்னாடி அத்தைகூட உக்காந்துக்கறேன்" என்றேன்.

"போ, போ. டிரைவர் தூங்காம பாத்துக்கோ" என்று சொல்லி அவர் வண்டியின் பக்கத்தில் ரெண்டு தட்டு தட்டினார்.

நான் முன்னால் இருப்பதாகப் பின்னால் இருந்தவர்கள் நினைத்தார்கள். பின்னால் இருப்பதாக அத்தை நினைத்தாள். எண்ணியது நான் என்பதால் மறுபடி யாரும் எண்ணவில்லை. நான் சுவரின் அடியிலிருந்த அறை ஒன்றுக்குள் புகுந்து, வண்டியின் சத்தம் தெருமுனையில் தேயும்வரை நின்றேன். உள்ளே ஈரமண் வாசனையும் மூத்திர வாசனையும் அடித்தன. கொஞ்ச நேரம் பெருமையாக இருந்தது.

பிறகு மேலே ஏறிப்போய், எல்லோர் கண்ணிலும் படும்படியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, எழுத்து தெரியும்படி கையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டேன். யாராவது வந்து, ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

யாரும் கேட்கவில்லை. ஒரு அக்கா வந்து, "கொஞ்சம் நகந்து குந்து கண்ணு" என்று தன் கூடையை வைத்தாள். ஒரு பையன் பந்தைப் பொறுக்கிப் போடச் சொன்னான். புதுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் தன் கைக்குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டுக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். குழந்தையை வாங்கும்போது, "சமத்து" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அவ்வளவுதான். தொலைந்துபோன பிள்ளை அழவேண்டும், இங்குமங்கும் ஓடவேண்டும். நான் தலைப்பின்னல் கலையாமல், செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்தவர்களெல்லாம் என் வீட்டார் பக்கத்தில் எங்கோ இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டார்கள்.

அழுது பார்க்கலாமென்று கண்ணை இறுக்கி மூடினேன். அழுகை வரவில்லை. எல்லாப் பாயிலும் யாரோ ஒருவர் யாருக்கோ சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் சொந்தமில்லாதவளாக உட்கார்ந்திருப்பது இவ்வளவு சுலபமா என்று திகிலாக இருந்தது. மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தில் மூணே முக்காலாகப் போகும்போது எழுந்து கீழே போனேன்.

வாசலில் வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விசிலைக் கயிற்றில் சுழற்றிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை.

"நான் காணாமப் போயிட்டேன்" என்றேன்.

விசில் நின்றது. "எப்போ?"

"மூணு மணிக்கு."

"டைமோட சொல்ற. வூடு எங்க கீது?"

"ராயபுரம்தான்."

"அப்ப நடந்தே பூடலாமே. இதுக்குப் பேரு காணாமப் போறதா?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. "வீடு பூட்டியிருக்கு. எல்லாரும் பீச்சுக்குப் போயிட்டாங்க" என்று சொல்லிக் கையை நீட்டினேன்.

அவர் கையைத் தூரமாகப் பிடித்து ஒவ்வொரு எண்ணாகப் படித்து அழுத்தினார். போனில் காசில்லை என்பதால் ஒரு ரிங் விட்டு நிறுத்தினார். நிறுத்திய மாத்திரத்தில் அது திருப்பி அடித்தது.

"ஹலோ, இன்னாமா, உன் பொண்ணு இங்க கீது. மாடிப்பூங்காவுல. இல்லமா, நல்லாத்தான் கீது. அயுவகூட இல்ல. நீ வந்து இட்டுகினு போ." பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அதுக்கின்னாமா... சரி... சரி, சொல்லு" என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் ஒரு நம்பரை எழுதிக்கொண்டார். போனை என்னிடம் கொடுத்தார். "பேசு. நான் டீக்கடைல போன் வாங்கி உங்க அத்தைக்கு அடிச்சிட்டு வந்துர்றேன்."

ஐந்து மாதத்துக்குப் பிறகு அம்மாவின் குரல். "சாப்ட்டியா?" என்றாள்.

"சாப்ட்டேன்."

"அந்த அண்ணன் பக்கத்துலயே இரு. வேற யாரு கூப்ட்டாலும் போவாத. அத்த வருவாங்க."

"நீ வா."

ஏதோ இரையும் சத்தம் மட்டும் கேட்டது. "அத்த வருவாங்கமா. அவங்க கேட்டா நானேதான் நின்னுட்டேன்னு சொல்லு. அம்மா வரச்சொல்லிச்சான்னு கேட்டா இல்லன்னு சொல்லணும். சொல்லுவியா?"

வரவும் மாட்டாள், தன் பெயரைச் சொல்லவும் கூடாதாம். போனை நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த திட்டின்மேல், வாட்ச்மேனின் சாப்பாட்டுப் பைக்கு அருகில் வைத்துவிட்டேன். எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அடுத்தவர் போனில் எதையும் அழுத்தக்கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

வாட்ச்மேன் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். அத்தையும் மற்றவர்களும் அப்போதுதான் கடற்கரையில் இறங்கியிருந்தார்களாம். நான் இல்லையென்பது அவர் சொல்லித்தான் தெரிந்ததாம். "இன்னா கூட்டம்டா சாமி இது" என்று தலையை ஆட்டிக்கொண்டார். இருவரும் கடலை தின்றோம். ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"உங்கம்மா எர்ணாவூர்லதானே கீறேன்னு சொல்லுது" என்றார். "ஆட்டோ புடிச்சா இன்னா நேரமாவும். ஏன் வரமாட்டேங்குது?"

"அவங்க எங்கம்மா இல்ல" என்றேன்.

"பின்ன யாரு?"

"தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்க நம்பரத்தான் கையில எய்திகினு கீறியா?"

"தப்பா எழுதிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு கடலையை உரித்து என் கையில் வைத்தார்.

நாலரை மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது அத்தையும் சித்தப்பாவும் ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். அத்தையின் புடவைக் கொசுவமெல்லாம் கடல் மணல். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பி நம்பரைப் பார்த்தாள். பிறகு வாட்ச்மேனிடம் முதலில் கேட்டது, "அவ வந்தாளா?" என்பதுதான்.

"யாரும் வரலமா. உன் நம்பரு குட்த்ததே போன்ல பேசுன அந்தம்மாதான்."

அத்தை முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து என் கையைத் தேய்த்தாள். எழுத்து போகாமல் நீலமாகப் பரவியது. சித்தப்பா, "அடுத்த வாட்டி டீச்சரம்மாவுக்குத்தான் ஃபர்ஸ்ட்டு அட்டெண்டன்ஸு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வாட்ச்மேன் தன் போனை எடுத்தார். "அட, இது இன்னும் ஓடிகினு கீது" என்றார். எட்டிப் பார்த்தேன். நாற்பத்தொரு நிமிடம் என்று காட்டியது. காதில் வைத்து, "வந்துட்டாங்கமா. அத்தயே வந்துட்டாங்க" என்றார். உடனே அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டுவிட்டது.

நான் பத்தாவது படிக்கும்போதுதான் சித்தப்பா ஒருநாள் சொன்னார். அம்மா போன மாதமே இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். என் முழுப் பரீட்சை முடியும்வரை நான் அப்பா வீட்டில் இருப்பது, அதுவரை அம்மா என்னைப் பார்க்க வரக்கூடாது, பேசக்கூடாது, மே மாதம் மறுபடி கூடிப் பேசுவது, நடுவில் மீறுபவர் பிள்ளையைக் கேட்கக்கூடாது. அந்த மே மாதப் பேச்சில் அத்தைதான் எழுந்து, அன்றைக்கு ஆட்டோ பிடித்து வந்து தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், அவள் வரவில்லை, பிள்ளை அவளிடமே இருக்கட்டும் என்று சொன்னாளாம். அப்படித்தான் நான் எர்ணாவூருக்குப் போனேன். போய் முதல் சில மாதங்கள் அம்மாவிடம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொன்னேன். அவள் பொறுத்துக்கொண்டாள்.

இப்போது எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்கிறேன். எது எந்த நிமிடத்தில் நடந்தது என்று வரிசைப்படுத்துவதுதான் வேலையில் பாதி. அந்த நாற்பத்தொரு நிமிடத்தையும் வரிசைப்படுத்தியிருக்கிறேன். நான் பேசாமல் போனை வைத்தது. கடலைத் தோல் உடையும் சத்தம். ஐஸ் வண்டியின் மணி. வாட்ச்மேன் கேட்ட கேள்வி. நான் சொன்ன பதில். அதற்குப் பிறகும் ஏறக்குறைய இருபது நிமிடம் இருக்கிறது. அம்மா இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. ஆள் வந்துவிட்டது என்று கேட்ட மறுநொடியே வைத்துவிட்டாளே, ஒரு வார்த்தை பேச முடியாத அளவுக்கு அப்படியென்ன அவசரம் அவளுக்கு என்று, ஆட்டோவில் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, வீடு வரும்வரை கோபப்பட்டுக்கொண்டே வந்தேன்.