மூன்று ஷிப்டு, மூன்று ஆன்டிவைரஸ்

ஒரகடத்தில் கார் கம்பெனிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்து அனுப்பும் சின்னத் தொழிற்சாலை எங்களுடையது. ஆறு வருடம் லைனில் நின்றே வேலை பார்த்தேன். முழங்கால் போன பிறகு, லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டர் முன்னால் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அந்த நாற்காலியை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

கம்ப்யூட்டர்தான் ஆமை. லேபிள் ஒட்டாத பெட்டி லாரியில் ஏறாது. ஒரு லேபிளுக்கு நாற்பது விநாடி காத்திருக்க வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு முறை லாரி தாமதமானதும் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"திங்கக்கிழமைக்குள்ள சரியாவலன்னா இந்த வேலைய வெளிய குடுத்துடுவாங்க. நீ திரும்ப லைனுக்குத்தான் போவணும்மா."

போகப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் இடத்தில் ஒரு ஷிப்டு செய்ததை அடுத்த ஷிப்டு நம்பாது. அவர்கள் முடுக்கிய போல்ட்டை மறுபடி முடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். பென்டிரைவில் பாட்டோடு வைரஸும் வந்தபோது, அதே வழக்கப்படி ஷிப்டுக்கு ஒன்றாக மூன்று ஆன்டிவைரஸ் போட்டுவிட்டார்கள். மூன்றும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, நடுவில் என் லேபிள் மாட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை லைன் ஓடாது. ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தேன். மெஷின் பராமரிப்புக்காக வந்திருந்த சூப்பர்வைசரிடம் ஸ்டாப் வாட்சைக் கேட்டு வாங்கினேன். லைனில் என் கைவேகத்தை அளந்து, இரண்டு விநாடி மந்தம் என்று எழுத வைத்த அதே வாட்ச்.

முதல் ஆன்டிவைரஸை எடுக்கப் போனேன். ஏன், ஏன் என்று மூன்று முறை கேட்டது. போய்விட்டது என்று நினைத்தால், மூலையில் விளம்பரமாக வந்து நின்றது. அதைத் துரத்தத் தனியாக ஒரு மென்பொருள் இறக்க வேண்டியிருந்தது. இரண்டாவது ஒரே கேள்வி கேட்டது, கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டதும் சுவடில்லாமல் போனது. மூன்றாவது தனியாக இருந்தும் லேபிளுக்கு இருபத்திரண்டு விநாடி எடுத்தது. எடுக்கப் போனால் பாஸ்வேர்டு கேட்டது. போட்டவர் சூப்பர்வைசர்.

"என்னுத எடுத்துட்டு நாளைக்கு வைரஸ் வந்தா யாரு பொறுப்பு?"

"நான்தான் பொறுப்பு சார்."

ஒவ்வொன்றாக அளந்து நான் தாளில் எழுதி வைத்திருந்த விநாடிகளை அவர் பார்த்தார். பிறகு பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாவது முறை சரியாக அடித்தார்.

அதையும் எடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் தனித்தனியாகத் திரும்பப் போட்டு அளந்தேன். அடம்பிடித்த முதலாவதுக்கு ஐந்து விநாடி, சொன்னதும் போன இரண்டாவதுக்கு ஏழு. இரண்டு விநாடி மந்தம் என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏழு விநாடி லாரிக்குப் போதும், நாளைக்கு வேண்டாம் என்றாலும் மரியாதையாகப் போகும். இரண்டாவதையே வைத்தேன். பென்டிரைவ் செருகும் இடத்தில் வீணான லேபிளை ஒட்டி மூடினேன்.

திங்கட்கிழமை லாரி நேரத்துக்குக் கிளம்பியது. சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்தார்.

"பரவால்லமா, நல்லா ஓடுது. அந்த வாட்ச குடு."

சூப்பர்வைசர் வந்தால் எழுந்து நிற்பது எங்கள் பழக்கம்.

"இங்கயே இருக்கட்டும் சார். வாராவாரம் அளந்து பாக்கணும்," என்றேன், நாற்காலியை விட்டு எழாமல்.